கோலார் தங்கவயலில் கல்லிலிருந்து பொன் எப்படிப் பிரிந்தது? மாதிரி ஆலை செய்ய விளக்கம் தேவை

எழுதியவர்: உப்புவெளி ஆசிரியை

வணக்கம். திருகோணமலையில் உள்ள பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். அடுத்த தவணையில் நடைபெறவுள்ள கண்காட்சிக்காகப் பழைய சுரங்க நகரம் ஒன்றின் ஆலையை மாதிரியாகச் செய்ய எங்கள் மாணவர்கள் விரும்புகிறார்கள். அவர்கள் தெரிந்தெடுத்தது கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயல். வகுப்பில் ஒரு பிள்ளையின் வீட்டில், எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று இருக்கிறது. அவளுடைய பூட்டனார் அங்கே வேலை செய்த காலத்தில், சுரங்கத்தில் இறங்குமுன் கையில் வாங்கிய வில்லை அது என்று வீட்டார் சொல்கிறார்கள். அதற்கு மேல் அவர்களிடம் கதை எதுவும் எஞ்சவில்லை. அந்த வில்லையைப் பார்த்த நாளிலிருந்து மற்றப் பிள்ளைகளுக்கும் வேறு ஊர் மனத்தில் பிடிக்கவில்லை.

நாங்கள் வாசித்து அறிந்தவை இவை: 1880-இல் ஜோன் டெயிலர் அன் சன்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனம் அங்கே வேலை தொடங்கியது; 2001 பெப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன; இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 5 கோடியே 10 இலட்சம் தொன் கல்லை வெட்டியெடுத்து, அதிலிருந்து ஏறத்தாழ 800 தொன் பொன் பிரித்தார்கள். ஆனால் கல் ஆலைக்குள் நுழைந்த பின் என்ன நடந்தது என்பதில்தான் எங்களுக்குத் தெளிவில்லை. சென்ற மாதம் பிள்ளைகளைப் புல்மோட்டைக் கனிய மணல் ஆலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே கண்ட காந்த உருளையையும் உயர் மின்னழுத்தப் பிரிப்பானையும் அப்படியே வரைந்து, மேலே கோலார் என்று பெயர் எழுதி என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள். அது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது; ஏன் சரியில்லை என்று விளக்கும் அளவுக்கு ஆலை வேலை எனக்குத் தெரியாது. கல்லை அரைக்காமல் இடித்ததற்குக் காரணம் என்ன, இடித்த பின் பொன்னை எதைக்கொண்டு பிடித்தார்கள், ஒரு நாளில் ஆலையும் சுரங்கமும் எந்த ஒழுங்கில் இயங்கின என்பவற்றை, அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.


எழுதியவர்: குச்சவெளியூரான்

ரீச்சர், புல்மோட்டைக் கனிய மணல் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பொன் ஆலைகளின் பொறிகளைப் பற்றி வாசிப்பதில் எனக்கு நீண்ட காலமாக ஆர்வம் உண்டு. உங்கள் மாணவர்களின் வரைபடம் புல்மோட்டைக்குப் பொருந்தும், கோலாருக்குப் பொருந்தாது. அவர்கள் அப்படி வரைந்ததில் பிழையில்லை, கண்ணால் கண்டதைத்தானே வரைய முடியும்.

புல்மோட்டையில் எங்களுக்குக் கல் உடைக்கும் வேலையே இருந்ததில்லை. அந்த வேலையைக் கடல் செய்து முடித்திருந்தது. மலைநாட்டுப் பாறைகள் சிதைந்து, ஆறுகள் சுமந்து வந்து கடலில் சேர்த்த மணலை அலை புரட்டிப் புரட்டி, பாரம் குறைந்த வெண்மணலைப் பின்னே இழுத்துச் சென்று, பாரம் கூடிய கருமணலைக் கரையில் விட்டுவிடுகிறது. வாடைக்காற்றுக் காலம் முடிந்தபின் போய்ப் பார்த்தால், நாங்கள் அள்ளிய இடத்தில் புதிய கருமணல் படிந்திருக்கும். அந்த மணலில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு இல்மனைட் என்ற கனியம். மீதியில் ரூட்டைல், சேர்கோன் என்ற கனியங்களும் உண்டு. ஆகவே எங்கள் வேலை முழுவதும் பிரிப்பதுதான். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். காந்தம் விட்டுவைத்த மணலில் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சேர்கோன் கடத்தாது; அந்த வேறுபாட்டை வைத்து உயர் மின்னழுத்த உருளை அவற்றைப் பிரிக்கும். மணல் நன்றாக உலர்ந்திருந்தால்தான் அந்த உருளை ஒழுங்காக வேலை செய்யும்.

கோலாரில் நிலைமை நேர்மாறானது. அங்கே பொன், கடினமான குவாட்ஸ் கல்லுக்குள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பொடியாக ஒளிந்திருந்தது. நீங்கள் தந்த எண்களை வகுத்துப் பார்த்தால், எல்லாக் காலத்தையும் சேர்த்து ஒரு தொன் கல்லுக்குச் சராசரி 16 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடல் செய்ய வேண்டிய வேலையை அங்கே மனிதர் செய்ய வேண்டியிருந்தது. பொன்னைக் காந்தம் இழுக்காது. மின்னை அது கடத்தும் என்றாலும், ஒரு தொன் கற்பொடியை முழுவதும் உலர்த்தி அதிலிருந்து 16 கிராமைத் தேடுவது நடக்கிற காரியமல்ல. அவர்களுக்குத் துணையாக இருந்தது பொன்னின் பாரம். ஒரு கன சென்ரிமீற்றர் பொன் 19.3 கிராம் நிறுக்கும். அதே அளவு குவாட்ஸ் 2.65 கிராம்தான் நிறுக்கும். இந்தப் பெரிய வேறுபாட்டை நீரோட்டத்தில் வைத்துப் பயன்படுத்தினார்கள். எனவே உங்கள் மாதிரி ஆலை, உள்ளே நுழைந்த இடத்திலிருந்து கடைசிவரை ஈரமான ஆலையாக இருக்க வேண்டும்.

எங்கள் தாய்மார் உரலில் நெல் குற்றி, சுளகில் புடைத்து, அரிக்கன் சட்டியில் அரிசி அரித்ததை மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள். பழைய பொன் ஆலையின் ஒழுங்கு ஏறத்தாழ அதுதான். முதலில் தாடைப் பொறி பெரிய கற்களைக் கைப்பிடி அளவுக்கு நொறுக்கும். பிறகு அவை உலக்கைப் பெட்டிக்குள் விழும். ஒரு வார்ப்பிரும்புப் பெட்டிக்கு வழக்கமாக ஐந்து இரும்பு உலக்கைகள். ஒவ்வொன்றும் அரைத் தொன் அளவு பாரம். மேலே சுழலும் தண்டில் உள்ள வளைந்த கைகள் ஒவ்வோர் உலக்கையையும் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி விட்டுவிடும். அது தன் பாரத்தில் விழும். நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு தடவை இப்படி விழும். தூக்கும்போதே அந்தக் கை உலக்கையைச் சிறிது சுழற்றியும் விடும், அதனால் அடிப்பாகம் ஒருபக்கமாகத் தேயாது. இதை மாணவர்கள் தங்கள் மாதிரியில் செய்து காட்டினால் பார்ப்பவர்கள் வியப்பார்கள். இன்னொன்று: ஐந்தும் வரிசையாக விழக் கூடாது. பல ஆலைகளில் முதலாவது, நான்காவது, இரண்டாவது, ஐந்தாவது, மூன்றாவது என்ற முறையில் விழச் செய்தார்கள். வரிசையாக விழுந்தால் கல்லும் நீரும் பெட்டியின் ஒரு பக்கத்தில் குவிந்துவிடும்.

அரைக்காமல் இடித்ததற்குக் காரணம் கேட்டிருந்தீர்கள். குவாட்ஸ் நொறுங்கும் இயல்புடையது, பொன் நசுங்கும் இயல்புடையது. மேலிருந்து விழும் அடிக்குக் கல் தெறித்து உடைய, பொன் விடுபட்டு வெளியே வரும். அளவுக்கு மீறி அரைத்தால் பொன் தட்டையாகிப் படலமாக மிதந்து நீரோடு போய்விடும். அத்தோடு உலக்கை எளிமையான பொறி. தேய்வது அதன் அடிப்பூணும், அது விழுகிற இரும்புக் கட்டையும்தான். அவற்றை அந்த இடத்திலேயே மாற்றலாம். பிற்காலத்தில் குழாய் வடிவ உருளை ஆலைகள் வந்து நுண்ணிய அரைப்பைச் செய்தன. ஆயினும் உங்கள் மாதிரிக்கு உலக்கைதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

இடிபட்ட கல் நீரோடு கலந்து சல்லடை வழியே வெளியேறி, சாய்வாக வைத்த செப்புத் தகடுகளின்மீது மெல்லிய படையாக ஓடும். அந்தத் தகடுகளில் இரசம் (பாதரசம்) பூசியிருக்கும். பொன் இரசத்தைத் தொட்டதும் அதில் கலந்து ஒட்டிக்கொள்ளும். கற்பொடி வழுக்கிப் போய்விடும். அதையும் தப்பிய பாரமான துணிக்கைகளைப் பிடிக்க, வரிவரியாக மேடுபள்ளம் உள்ள தடித்த துணியைச் சாய்வில் விரித்திருப்பார்கள். அரிக்கன் சட்டியின் உட்புறத்தில் உள்ள வரிகள் கல்லைப் பிடித்துவைப்பதும் இந்த வரிகள் பொன்னைப் பிடித்துவைப்பதும் ஒன்றுதான். அந்தச் சட்டி ஒன்றை மாதிரிக்குப் பக்கத்தில் வையுங்கள், ரீச்சர். எந்த விளக்கப் பலகையையும்விட அது நன்றாகப் பேசும்.


எழுதியவர்: மாரிக்குப்பத்து மகள்

குச்சவெளி ஐயாவின் விளக்கம் என் தாத்தாவை நேரில் பார்த்தது போல் இருந்தது. நான் பிறந்தது தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீஃப். திருமணத்துக்குப் பிறகு திருகோணமலையில் வாழ்கிறேன். தாத்தா ஆலையில் இருந்தவர், அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வேலை தேடிப் போன குடும்பம் எங்களுடையது. அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப் போன தமிழர்கள்தான். டீச்சர் கேட்ட நாள் ஒழுங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு நாளை மூன்று ஷிப்டாகப் பிரித்திருந்தார்கள். சங்கு ஊதும்போது தெருவில் இருப்பவர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. இறங்குகிறவர் தன் எண் வில்லையைக் காட்டிப் பதிந்துகொண்டு இறங்குவார், மேலே வந்ததும் அதைக் கணக்கில் சேர்ப்பார்கள். உங்கள் மாணவியின் வீட்டில் இருக்கும் வில்லையை அதனால் சாதாரணப் பொருளாக எண்ணாதீர்கள். ஷிப்ட் முடிந்து ஒரு வில்லை கணக்குக்கு வரவில்லையென்றால் ஒரு மனிதர் இன்னும் பூமிக்கடியில் இருக்கிறார் என்று பொருள். வெளியே வரும்போது உடல் சோதனையும் உண்டு. பொன் துணுக்கு ஒன்றுகூட வெளியே போகாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். அப்பா சோர்வைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், சூட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னதே இல்லை. அது அவரை எவ்வளவு புண்படுத்தியது என்பதை நான் பெரியவளான பிறகுதான் புரிந்துகொண்டேன்.

ஷாஃப்டில், அதாவது செங்குத்தான சுரங்கக் குழியில், இறங்குவது கூண்டில். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது; ஒரே கயிற்றில் அவ்வளவு ஆழம் இறங்க முடியாது. ஒரு ஷாஃப்டில் இறங்கி, நடந்து, இன்னொரு ஷாஃப்டில் மறுபடியும் இறங்க வேண்டும். மேலே கூண்டின் கயிற்றைச் சுற்றும் பொறியை இயக்குகிறவருக்குக் கூண்டு கண்ணில் படாது. மணி ஓசைதான் அவருக்குச் செய்தி. ஆட்கள் ஏறுகிறார்கள், கல் ஏறுகிறது, இறக்கு, நிறுத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணிக்கையில் மணி அடிப்பார்கள். ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். மேலே குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்பாமல் அங்கே யாராலும் நிற்க முடியாது.

வேலை முறை இப்படித்தான்: அழுத்தக் காற்றில் இயங்கும் துளைப்பொறியால் பாறையில் துளையிடுவார்கள், வெடிமருந்தை அடைப்பார்கள், ஆட்கள் விலகிய பிறகு ஷிப்டின் முடிவில் வெடிப்பார்கள். புகையும் தூசியும் அடங்கிய பிறகு அடுத்த ஷிப்டார் வந்து உடைந்த கல்லை வாரித் தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள். கல்லை எடுத்த வெற்றிடத்தில் பாறை சரியாமல் இருக்கச் செதுக்கிய கருங்கல்லால் சுவர் கட்டி நிரப்புவார்கள். அவ்வளவு செய்தும், ஆழத்தின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவது உண்டு. அப்போது ஊரில் வீடுகளின் பாத்திரங்கள் அதிரும். பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து ஷாஃப்ட் இருக்கும் பக்கம் பார்த்து நிற்பார்கள். அந்த நிற்பை நானும் நின்றிருக்கிறேன். கற்றூள் நுரையீரலில் படிந்து வந்த சிலிக்கோசிஸ் நோயையும் மாணவர்கள் எழுத வேண்டும். எங்கள் தெருவில் இரவில் கேட்ட இருமல் சத்தம் இல்லாமல் அந்த ஊரின் கதை முழுமையாகாது.

சுரங்கத்துக்கு ஷிப்ட் உண்டு, ஆலைக்கு ஓய்வே இல்லை. வெடித்த கல் ஒரே நேரத்தில் மேலே வராது என்பதால், ஷாஃப்டின் தலைப்பில் உயரமான தொட்டிகளில் கல்லைச் சேர்த்துவைத்து, அங்கிருந்து ஒரே சீராக ஆலைக்குக் கொடுத்தார்கள். உலக்கை வெறும் பெட்டியில் அடித்தால் இரும்போடு இரும்பு மோதி உடைந்துவிடும் என்று தாத்தா சொல்வார். கல் ஊட்டுகிறவருடைய முழுக் கவனமும் அந்தச் சத்தத்தில்தான் இருக்கும். சத்தம் மாறினால் கல் குறைகிறது என்று பொருள். தாத்தா வயதான காலத்தில் எங்கள் பேச்சைச் சரியாகக் கேட்கமாட்டார். அதற்குக் காரணமும் அந்த உலக்கைகள்தான்.

மின்சாரத்தையும் விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் எல்லாம் நீராவி. கொதிகலன்களுக்கு விறகும் நிலக்கரியும் தேவைப்பட்டன. தங்கவயலில் உள்ள மாரிக்குப்பம் வரை ரயில் வந்தது 1894-இல். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின் நிலையம் அமைத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் ஆசியாவில் அவ்வளவு நீண்ட கம்பித்தடம் வேறு இல்லை. ஆலைக்கு வேண்டிய தண்ணீர் பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் நீர்த்தேக்கத்திலிருந்து வந்தது. மாதிரியில் ஒரு மின்கம்பமும் ஒரு தண்ணீர்க் குழாயும் வைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் வந்த பிறகு அந்த இரண்டும் இல்லாமல் ஒரு உலக்கைகூட எழுந்திருக்காது.


எழுதியவர்: உப்புவெளி ஆசிரியை

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. வில்லையைப் பற்றி அக்கா எழுதிய பகுதியை வகுப்பில் வாசித்தேன்; அந்தப் பிள்ளை அதை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிச் சென்றாள். இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. செப்புத் தகடும் துணியும் பிடிக்காத பொன் எங்கே போனது? அங்கே சயனைட்டு பயன்பட்டது என்று வாசித்தோம். அந்தப் படியை எப்படிக் காட்டுவது? சில மாணவர்கள் உண்மையான இரசத்தைத் தகட்டில் பூசிக் காட்டலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.


எழுதியவர்: உவர்மலை ஆய்வுகூடத்தார்

ஆசிரியையே, உடன்பாடில்லாமல் இருப்பது முற்றிலும் சரி. இரசத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுவரவே கூடாது. அதன் ஆவி மணமும் நிறமும் இல்லாமல் அறையில் தங்கும். சிந்திய துளியைத் தரையிடுக்குகளிலிருந்து முழுவதும் எடுக்க முடியாது. செப்புத் தகட்டின்மீது வெள்ளி நிறத் தாளை ஒட்டி, அதன்மேல் சிறிது பசை தடவி, மணலில் கலந்த மினுமினுப்புத் தூளை ஓடவிட்டால் தூள் ஒட்டுவதும் மணல் வழுக்குவதும் தெளிவாகத் தெரியும். ஆலையில் அந்த இரசக்கலவையைச் சுரண்டி எடுத்துத் துணியில் பிழிந்து, மூடிய இரும்புக் கலத்தில் சூடாக்குவார்கள். இரசம் 357 பாகையில் கொதித்து ஆவியாகி, குளிர்ந்த குழாயில் திரும்பச் சேரும். பொன் உருகுவது 1064 பாகையில் என்பதால் அது கடற்பஞ்சு போலக் கலத்திலேயே எஞ்சும். அதை வெண்காரத்தோடு உருக்கிக் கட்டியாக வார்ப்பார்கள்.

சயனைட்டு முறைக்கு ஸ்கொட்லாந்தில் 1887-இல் காப்புரிமை பெறப்பட்டது. பின்னர் கோலாரும் அதைக் கைக்கொண்டது. தகடுகளைக் கடந்துவந்த மணலைப் பெரிய தொட்டிகளில் நிரப்பி, மிக ஐதான சயனைட்டுக் கரைசலை அதன் ஊடாகக் கசியவிடுவார்கள். வளியில் உள்ள ஒட்சிசனும் சேர்ந்தால்தான் பொன் கரையும்; அதனால் மணல் இறுகிவிடாமல் தளர்வாக இருக்க வேண்டும். சேறு போன்ற நுண்பொடியில் கரைசல் கசியாது என்பதால் அதைத் தனியே பிரித்துக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். கரைசல் அமிலத்தன்மை அடைந்தால் நச்சு வாயு எழும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். கடைசியில் பொன் கரைந்த நீரில் நாகத்தை (துத்தநாகத்தை) சேர்த்தால் நாகம் கரைந்து பொன் கறுப்புப் படிவாக வெளியே வரும். உங்கள் மாணவர்கள் படிக்கும் இடப்பெயர்ச்சித் தாக்கம்தான் இது. மாதிரியில் செப்புச் சல்பேற்றுக் கரைசலில் நாகத் துண்டைப் போட்டுக் காட்டினால் போதும். நீல நிறம் மங்கிச் செம்பு படியும்போது, பொன்னுக்கும் இப்படித்தான் நடந்தது என்று சொல்லலாம். அந்தக் கரைசலையும் பின்னர் வடிகாலில் ஊற்றாமல் ஆய்வுகூடத்துக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.


எழுதியவர்: மாரிக்குப்பத்து மகள்

சயனைட்டில் கழுவிய அந்த மணலை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே. அதை ஊரைச் சுற்றிலும் கொட்டினார்கள். மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட மணல் இன்றும் மலைகளாக அங்கே நிற்கிறது. ஆலை ஓடிய காலத்திலும் ஓய்ந்த காலத்திலும் காற்றடிக்கும் மாதங்களில் அந்த வெண்தூசி வீட்டுக்குள் வந்து சாப்பாட்டில் படியும். தங்கவயலை மாதிரியாகச் செய்து, அந்த மேடுகளை மட்டும் விட்டுவிட்டால் எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் அது எங்கள் ஊராகத் தெரியாது.


எழுதியவர்: குச்சவெளியூரான்

தங்கச்சி சொன்னதை நான் எண்ணிப் பார்க்கத் தவறிவிட்டேன். ரீச்சர், நீங்கள் முதலில் தந்த எண்களையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 800 தொன் பொன்னுக்கு 5 கோடியே 10 இலட்சம் தொன் கல் என்றால், ஒரு கிராம் பொன்னுக்கு ஏறத்தாழ 64 கிலோ கல். சீமெந்து மூட்டை ஒன்று 50 கிலோ. ஒரு பக்கத்தில் ஒரு கிராம் நிறையுள்ள மஞ்சள் தாளை வைத்து, மறுபக்கத்தில் 64 கிலோ மணலைக் குவித்தால் உண்மையான விகிதம் கிடைக்கும். கரைமணல் வேண்டாம், அதை அள்ளுவதற்கு அனுமதி வேண்டும். கட்டடப் பொருள் விற்கும் கடையில் மணல் வாங்கிக்கொள்ளலாம். பாடசாலை மேசை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். தாங்காவிட்டால் மாதிரியைத் தரையில் அமைக்கலாம். நான் சனிக்கிழமைகளில் நகரத்துக்கு வருவேன். உலக்கைத் தண்டின் வளைந்த கைகளை மரத்தில் செதுக்கித் தர வேண்டுமென்றால் சொல்லுங்கள்.


எழுதியவர்: உப்புவெளி ஆசிரியை

தரையிலேயே அமைப்பதாக இன்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள், ஐயா. ஐந்து உலக்கைகள், செப்புத் தகடு, வரித்துணி, இரண்டு தொட்டிகள், ஒரு மின்கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய், அவற்றுக்குப் பின்னால் மணல் மேடு. வில்லையை வாசலில், மாதிரிக்குள் நுழைகிற இடத்தில் தொங்கவிடப் போகிறோம். அரிக்கன் சட்டியை என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். வளைந்த கைகள் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடசாலையில் காத்திருப்போம்.